எண்ணெய் மாற்றியது யார்?

என் வீட்டுக்காரருக்குக் கை சும்மா இருக்காது. குழாய் சொட்டுகிறது என்று நான் சொல்லி முடிப்பதற்குள் ரெஞ்சும் கையுமாக சிங்குக்கு அடியில் படுத்திருப்பார். மெக்கானிக்கல் இன்ஜினியர். இருபத்தைந்து வருடமாக எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளின் பம்புகளோடு குடித்தனம் நடத்துகிறவர். நாங்கள் இருக்கும் கேட்டி என்கிற அமெரிக்க ஊரில் எங்கள் தெருவில் எந்தத் தமிழ் வீட்டில் ஏசி மக்கர் செய்தாலும் முதல் போன் அவருக்குத்தான் வரும். அப்படிப்பட்ட மனிதரிடம், "இந்த வேலையை நீ தொடக்கூடாது, உன் மனைவிதான் செய்யலாம்" என்று ஓர் அரசாங்க விதி சொன்னால் அவர் என்ன ஆவார்? எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது.

நான் விமானம் ஓட்டுகிறவள். சம்பளத்துக்கு அல்ல, சொந்த ஆசைக்கு. நாற்பத்தோராவது வயதில் லைசென்ஸ் வாங்கினேன். அந்த பிளாஸ்டிக் அட்டை எனக்கு என்னவாக இருந்தது என்று சொல்லாவிட்டால் மற்றது எதுவும் விளங்காது. அமெரிக்காவுக்கு நான் வந்ததே அவருடைய விசாவில் தொங்கிக்கொண்டுதான். கிரீன் கார்டு, வருமான வரி, வீட்டுக் கடன், இன்சூரன்ஸ் என்று எல்லாப் படிவங்களையும் அவரே நிரப்புவார். கையெழுத்து போட வேண்டிய இடத்தில் மஞ்சள் ஒட்டுத்தாள் ஒட்டி, நான் அடுப்படியில் நிற்கும் நேரமாகப் பார்த்து நீட்டுவார். "இங்க ஒரு சைன் போடு" என்பார். போடுவேன். என்ன ஏது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. ஆபீஸில் நான் ஒரு வரி கம்ப்யூட்டர் புரோகிராமைக்கூடப் படிக்காமல் அப்ரூவ் பண்ண மாட்டேன், டேட்டாபேஸ் டீமில் எனக்கு அதற்காகவே கெட்ட பெயர். வீட்டுக்குள் வந்தால் அந்தப் புத்தி எங்கே போகும் என்று எனக்கே தெரியாது. விமான லைசென்ஸ் ஒன்றுதான் நானே விண்ணப்பித்து, நானே படித்து, நானே பயந்து, நானே வாங்கியது. பர்ஸில் டிரைவிங் லைசென்ஸுக்கும் முன்னால் அதைத்தான் வைத்திருந்தேன்.

பழைய நான்கு இருக்கை விமானம் ஒன்றை வாங்கினோம். எங்கள் இருவரையும்விட வயதில் மூத்தது. கேட்டிக்கு மேற்கே ஒரு சின்ன விமான நிலையத்தின் தகரக் கொட்டகையில் நிற்கும். இந்த மாதிரி விமானத்தில் ரிப்பேர் என்றால் அதற்கென்று சான்றிதழ் பெற்ற மெக்கானிக்தான் கை வைக்க வேண்டும். ஆனால் விமானி தன் சொந்த விமானத்துக்குத் தானே செய்துகொள்ளலாம் என்று முப்பது சொச்சம் சில்லறை வேலைகளை விதியில் பட்டியல் போட்டிருக்கிறார்கள். டயர் மாற்றலாம், எண்ணெய் மாற்றலாம், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிச் சுத்தம் செய்யலாம், விளக்கு மாற்றலாம். பட்டியலில் இல்லாததைத் தொடக்கூடாது. செய்ததை விமானத்தின் பதிவேட்டில் தேதி போட்டு எழுதி, லைசென்ஸ் எண்ணோடு கையெழுத்திட வேண்டும். தெரிந்தே பொய் எழுதினால் லைசென்ஸ் போய்விடும். பரீட்சைக்கு இதையெல்லாம் மனப்பாடமாக ஒப்பித்தவள் நான்.

அந்தப் பக்கத்தை என் கணவர் இரண்டு தடவை படித்தார். அதில் இன்ஜினியருக்கு என்று ஒரு வார்த்தையும் இல்லை.

"டர்பைனையே பிரிச்சு மாட்டினவன் நான். எண்ணெய் மாத்தக்கூடாதா? ஃபில்டர் எந்தப் பக்கம் சுத்தினா கழலும்னு தெரியாதவளுக்கு பர்மிஷனா?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சட்டம் உங்களைப் பற்றி நன்றாக விசாரித்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறது என்றேன். இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

முதல் தடவை எண்ணெயை நானே மாற்றினேன். ஒரு மணி நேர வேலைக்கு மூன்று மணி நேரம். அவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மெதுவா, டைட்டா என்று உயிரை வாங்கினார். கடைசியில் ஃபில்டர் கழன்றுவிடாமல் இருக்க ஒரு மெல்லிய கம்பியை முறுக்கிக் கட்ட வேண்டும். எனக்கு அது மூன்று தடவை அறுந்தது. "குடு இங்க" என்று கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். அரை நிமிடத்தில் ஜடை பின்னியதுபோல முறுக்கிவிட்டார். கோபம் வந்தது. ஆனாலும் கொடுத்துவிட்டேன், அதை மறைக்க மாட்டேன். வலது கை முழுக்க எண்ணெயாக இருந்தது, பசித்தது, வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது. அடுத்த தடவை நான் டார்ச் பிடித்தேன். அதற்கடுத்த தடவை காரில் உட்கார்ந்து போன் பார்த்தேன். பதிவேட்டில் மட்டும் ஒவ்வொரு தடவையும் என் கையெழுத்து.

எங்கள் மெக்கானிக் ஒரு வியட்நாம்காரர். எங்கள் வயதுதான் இருக்கும், அதிகம் பேச மாட்டார். வருடத்துக்கு ஒரு முறை விமானத்தை முழுக்கப் பிரித்துப் பார்த்துச் சான்று கொடுக்கிறவர் அவர்தான். அந்த வருடம் என் கணவர் அவரிடம், எண்ணெய் அழுத்தம் காட்டும் முள் ஏன் எப்போதும் பச்சைப் பகுதியின் கீழ் ஓரத்திலேயே நிற்கிறது என்று கேட்டார். அளவுக்குள்தான் இருக்கிறது, பல வருடமாக இப்படியேதான், நோண்டாதீர்கள் என்று அவர் சொன்னார். பம்பு இன்ஜினியரிடம் போய் அழுத்தம் குறைவாக இருந்தாலும் நோண்டாதே என்றால் அவருக்குத் தூக்கம் வருமா? வரவில்லை. சாப்பிடும்போதுகூட அந்த முள்ளைப் பற்றியே பேசினார்.

தவக்காலம் அது. ஒரு சனிக்கிழமை காலை எனக்குத் தமிழ்ப் பூசைக்கான ஈஸ்டர் பாடல் பயிற்சி இருந்தது. எண்ணெய் மாற்ற வேண்டிய நாளும் அதுவே. நான் கோயிலுக்குப் போனேன், அவர் கொட்டகைக்குப் போனார். மத்தியானம் நான் மீன் பொரித்துக்கொண்டிருந்தபோது பதிவேட்டோடு வந்து நின்றார். எண்ணெய் மாற்றியது, ஃபில்டர் மாற்றியது என்று அவரே எழுதியிருந்தார். கையைக் கழுவித் துடைத்துவிட்டுக் கையெழுத்து போட்டேன், கீழே லைசென்ஸ் நம்பரையும் எழுதினேன். எண்ணெய் மாற்றினால் இன்ஜினை ஓடவிட்டு, மூடியைத் திறந்து எங்காவது கசிகிறதா என்று பார்க்க வேண்டும். அவருக்கு இன்ஜினை ஸ்டார்ட் பண்ணத் தெரியாது. தெரியாது என்பது எனக்குத் தெரிந்ததுதான். ஓடவிட்டது யார் என்று நான் கேட்கவே இல்லை. கேட்டதெல்லாம், குழம்புக்குப் புளி வாங்கிவந்தீர்களா என்பதுதான்.

அடுத்த சனிக்கிழமை இரண்டு பேரும் ஃப்ரெடரிக்ஸ்பர்க் ஊருக்குப் பறந்து போய் மதியம் சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று கிளம்பினோம். எண்ணெய் அளவுகோலை எடுத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. இன்ஜினின் பெரிய மூடியைத் திறக்கவில்லை. மேலே ஏறி, பிராஸோஸ் நதியைத் தாண்டி, ஐ-டென் ஃப்ரீவேயை இடப்பக்கம் வைத்துக்கொண்டு மேற்கே போனோம். அன்றைக்கு அழுத்த முள் பச்சையின் நட்ட நடுவில் நின்றது. இன்றைக்கு ஆயில் பிரஷர் ஜோராக இருக்கிறதே என்று நான் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார். நெல் வயல்களைப் பார்த்துச் சிரிக்கிறார் என்று நினைத்தேன்.

கால் மணி நேரத்தில் வாசனை வந்தது. கடாயில் எண்ணெய் அதிகமாகக் காய்ந்துவிட்டால் வருமே, அந்த வாசனை. முள்ளைப் பார்த்தேன். நடுவில் இருந்தது கொஞ்சம் இறங்கியிருந்தது. கண்ணை எடுத்து வெளியே பார்த்துவிட்டுத் திரும்பினேன், இன்னும் இறங்கியிருந்தது. எண்ணெய்ச் சூட்டின் முள் ஏற ஆரம்பித்திருந்தது. அந்த மாதிரி விமானத்துக்கு இன்ஜின் ஒன்றுதான். எண்ணெய் தீர்ந்தால் அது சில நிமிடங்களில் இறுகி நின்றுவிடும்.

ஆனால் பழைய விமானங்களில் முள் பொய் சொல்வதும் உண்டு. மீட்டர் கோளாறு என்றால் திரும்பி வீட்டுக்கே போய்விடலாம், இருபது நிமிடம். நிஜமாக எண்ணெய் போகிறது என்றால் இருபது நிமிடம் கிடையாது. எது என்று தீர்மானிக்க முடியாமல் நான் முழித்துக்கொண்டிருந்தேன். அவர் முன்னால் குனிந்து முள்ளையே பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"ஒண்ணு சொல்லணும்" என்றார்.

"இப்பவா?"

"போன வாரம் பிரஷர் வால்வைத் திறந்தேன். முள் மேல ஏறணும்னு உள்ள ஸ்பிரிங்குக்கு ஒரு வாஷர் வச்சேன்."

"வால்வு மூடிக்குப் புது கேஸ்கெட் போட்டீங்களா?"

எண்ணெய் கசியாமல் இருக்க மூடிக்கு அடியில் வைக்கும் வளையம் அது, கழற்றினால் புதிதுதான் போட வேண்டும். இரண்டாம் தடவை கேட்டேன்.

"பழசையே போட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு."

பாவசங்கீர்த்தனம் செய்ய இந்த மனிதருக்குக் கிடைத்த இடம் நாலாயிரத்து ஐந்நூறு அடி உயரம்! அந்த வால்வு பட்டியலில் இல்லை. விமானியான நானே தொடக்கூடாத ஒன்று அது. எனக்கு வந்த ஆத்திரத்தில் கதவைத் திறந்து அவரைத் தள்ளிவிட்டிருப்பேன். ஆனால் அவர் சொன்னது உதவியது. முள் பொய் சொல்லவில்லை. எண்ணெய் அந்த மூடி வழியாகச் சூடான குழாய் மேல் கொட்டிக்கொண்டிருக்கிறது. வீட்டுக்குத் திரும்பும் பேச்சே இல்லை.

கொலம்பஸ் ஊருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ரன்வே எட்டு மைலில் இருந்தது. ரேடியோவில் பேசிக்கொண்டிருந்த கன்ட்ரோலரிடம் எண்ணெய் அழுத்தம் போகிறது, அங்கே இறங்குகிறேன் என்று சொன்னேன். அவர் எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று கேட்டார். அந்தக் கேள்வி எதற்கு என்று எனக்குத் தெரியும். விழுந்தால் எத்தனை பேரைத் தேட வேண்டும் என்பதற்கு. இரண்டு என்றேன். இன்ஜினின் வேகத்தைக் குறைத்து, உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். கண்ணாடியின் ஓரத்தில் பழுப்பாக ஒரு கோடு படர ஆரம்பித்தது. அவருடைய கை தானாக மீட்டர் பக்கம் நீண்டது, அதைத் தட்டிப் பார்க்கவோ என்னவோ.

"கையை மடியில வைங்க" என்றேன்.

வைத்துக்கொண்டார். இத்தனை வருடத்தில் நான் சொல்லி அவர் கையை எடுத்தது அன்றைக்குத்தான். எனக்குள் மாதாவே, மாதாவே என்று ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ரன்வே தெரிந்தது. வேண்டுமென்றே உயரமாகவே வந்தேன், இன்ஜின் நின்றாலும் வழுக்கிக்கொண்டாவது போய்ச் சேரும்படி. வேலியைத் தாண்டும்போது முள் சிவப்புக் கோட்டில் இருந்தது. சக்கரம் தரையைத் தொட்டதும் இன்ஜினை நிறுத்திவிட்டேன். உருண்டு உருண்டு போய், நடு ரன்வேயில் நின்றது.

இறங்கிப் பார்த்தால் விமானத்தின் வயிறு முழுக்க எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது. புல்லில் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். அவர் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து நீட்டினார். வாங்கி அவர் மேலேயே எறிந்தேன்.

மெக்கானிக் அன்று மத்தியானமே தன் டிரக்கில் வந்தார். மூடியைத் திறந்தார். வால்வின் தலையில் புதிதாக ரெஞ்சு பட்ட தழும்பு பளபளத்தது. கழற்றி, நசுங்கிய பழைய கேஸ்கெட்டையும், அங்கே இருக்கக்கூடாத வாஷரையும் உள்ளங்கையில் வைத்து எங்கள் இருவருக்கும் காட்டினார். யார் என்று கேட்டார். என் கணவர் தரையைப் பார்த்தார். நான் பதிவேட்டை எடுத்து மெக்கானிக்கிடம் நீட்டினேன். அவர் பதிவேட்டை வாங்கிக் கடைசிப் பதிவைப் படித்துவிட்டு, தான் கண்டதைத் தான் எழுதப்போவதாகவும், யார் செய்தது என்பதை நான்தான் சொல்ல வேண்டும் என்றும் சொன்னார். திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ரேடியோவில் சொல்லிவிட்டு இறங்கினால் அது சும்மா போகாது. மூன்றாம் நாள் விமானத் துறை ஆய்வாளர் ஒருவர் போன் செய்து, பதிவேட்டோடு அடுத்த வாரம் அலுவலகத்துக்கு வரச் சொன்னார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. என் கையெழுத்து இருந்த பதிவு பொய். எண்ணெய் மாற்றியது நான் அல்ல என்று தெரிந்தே போட்டது. உண்மையைச் சொன்னால் லைசென்ஸ் போகும். சொல்லாவிட்டால் ஒருவேளை தப்பிக்கலாம், பழைய விமானம், பழைய கேஸ்கெட் என்று.

என் கணவர் முதலில் அதைத்தான் சொன்னார். வால்வைத் தொட்டது யார் என்று யாராலும் நிரூபிக்க முடியாது, நீ எண்ணெய் மட்டும் மாற்றியதாகச் சொல். நான் பதிவேட்டை எடுத்து அலமாரியில் வைத்தேன். அடுத்த நாள் வேறொரு யோசனையோடு வந்தார். ஒரு வெள்ளைத் தாளை என் முன்னால் வைத்தார். தாள் முழுக்க என் கையெழுத்து. இருபது, இருபத்தைந்து இருக்கும். என்னைவிட நன்றாகப் போட்டிருந்தார்.

"உனக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு சொல்லிடலாம். சைனும் நான்தான் போட்டேன், நம்பரும் நான்தான் எழுதினேன். அங்கேயே போட்டுக் காட்டறேன், நம்பிடுவாங்க. உன் லைசென்ஸ் தப்பிச்சிடும்."

மனுஷன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அரசாங்கத்திடம் கள்ளக் கையெழுத்து என்று ஒப்புக்கொண்டால் அவருடைய வேலை என்னவாகும் என்று யோசித்துவிட்டுத்தான் சொன்னார். கண் கலங்கியிருந்தது. இன்னொருத்தியாக இருந்தால் உருகியிருப்பாள். ஒரு நொடி நானும் உருகினேன், பொய் சொல்ல மாட்டேன். அந்த அட்டை என் பர்ஸிலேயே இருக்கும் என்ற நினைப்பு எவ்வளவு இனித்தது தெரியுமா? பிறகு அந்தத் தாளை மறுபடி பார்த்தேன். என் பெயர், வரிசை வரிசையாக, அவர் கையில். உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"ஃபார்ம் எல்லாம் நீங்க பண்ணீங்க. கையில இருந்த கம்பியைப் பிடுங்கினீங்க. எல்லாத்தையும் குடுத்தேன். தப்பையாவது எனக்கு விட்டுக் குடுங்க."

அவருக்கு முதலில் புரியவில்லை. நான் உன்னைக் காப்பாற்றத்தானே பார்க்கிறேன் என்றார். பார்க்காமல் கையெழுத்து போட்டது நான், இன்ஜினை ஓடவிடாதது நான், மூடியைத் திறக்காமல் உங்களைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பறந்தது நான், விமானி நான், நீங்கள் அல்ல என்று சொன்னேன். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவர் பதிலுக்குக் கத்தியிருப்பார். தாளைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டுத் துணி மடிக்கப் போனேன்.

ஆய்வாளர் ஒரு கறுப்பினப் பெண்மணி. மரியாதையாகவே பேசினார். பதிவேட்டைத் திறந்து என் பக்கம் திருப்பி, இது உங்கள் கையெழுத்தா என்று கேட்டார். ஆமாம் என்றேன். எண்ணெய் மாற்றியது யார் என்றார். பக்கத்து நாற்காலியில் என் கணவர் மூச்சை இழுத்துப் பிடிப்பது எனக்குக் கேட்டது. மாற்றியது இவர், நான் அங்கே இல்லை, பார்க்காமலே கையெழுத்து போட்டேன், இதற்கு முன்னாலும் அப்படிப் போட்டிருக்கிறேன் என்று சொன்னேன். வால்வு விஷயத்தையும் சொன்னேன். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, இதன் விளைவு என்ன என்று தெரிந்துதான் சொல்கிறீர்களா என்று கேட்டார். தெரியும் என்றேன். அவர் என் கணவரைப் பார்த்து, நீங்கள் ஏதாவது சொல்ல வேண்டுமா என்றார். என் கணவர் என்னைப் பார்த்தார். நான் தலையசைக்கவில்லை, அவருக்கு எந்த ஜாடையும் காட்டவில்லை. இல்லை, என் மனைவி சொன்னதுதான் நடந்தது என்று அவர் சொன்னார்.

சில வாரம் கழித்துக் கடிதம் வந்தது. லைசென்ஸ் ரத்து. ஒரு வருடம் கழிந்தபின் வேண்டுமானால் எழுத்துப் பரீட்சையிலிருந்து எல்லாவற்றையும் திரும்ப ஆரம்பிக்கலாம். அதுவரை நான் விமானத்தை ஓட்டவும் கூடாது, அதன் எண்ணெயை மாற்றவும் கூடாது. எங்கள் வீட்டில் இப்போது இரண்டு பேருக்குமே அதிகாரம் கிடையாது. என் கணவருக்கும் தனியாக ஒரு கடிதம் வந்தது, மறுபடி செய்தால் நடவடிக்கை என்று. அதை அவர் இரண்டு தடவை படித்துவிட்டு மேசையில் வைத்தார்.

அட்டையைத் தபாலில் திருப்பி அனுப்ப வேண்டும். தபால் நிலையத்தில் நின்றுகொண்டு உறையின் மேல் முகவரி எழுதினேன். இரண்டு எழுத்து கோணிக்கொண்டது. அவர் பக்கத்திலேயேதான் நின்றார். வழக்கமாக இந்நேரம் பேனா அவர் கைக்குப் போயிருக்கும். கையைக் கட்டிக்கொண்டு, நான் எழுதி, அட்டையை உள்ளே போட்டு, ஒட்டி முடிக்கும்வரை காத்திருந்தார். கவுண்டரில் கொடுத்தேன். காருக்கு வந்து உட்கார்ந்ததும் என்னால் முடியவில்லை, தேம்பித் தேம்பி அழுதேன். அவர், "புது ஃபார்மை நான் வேணா..." என்று ஆரம்பித்தார். அப்புறம் நிறுத்திக்கொண்டார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் மன்னிப்பு அது.